புளியாரைப் பெயருக்கு எல்லைக்கல் எது?

ஆரியங்காவில் ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒரு புளியாரையைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். வீட்டுத் தொட்டிகளில் தரையோடு படர்கிற புளியாரை மாதிரி இல்லாமல் ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, பூ அதே மஞ்சள், இலை அதே மூன்று இதயங்கள். இது புது இனமாக இருந்தால் டைப் மாதிரிக்கு, அதாவது ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதற்குச் சாட்சியாக வைக்கும் மாதிரிக்கு, எந்தச் செடியை எடுப்பது? இருப்பதிலேயே செழிப்பானதை எடுத்து அழுத்தி வைத்தால் போதாதா? 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பழைய பெயருக்கு ‘இதுதான் டைப்’ என்று முடிவு செய்வது யார்? மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செழிப்பான செடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் பக்கம் நிலம் வாங்கியவர்களுக்கு எல்லைக்கல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். அந்தக் கல் வயலிலேயே நல்ல மண் உள்ள இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முள்ளுக்குள் சாய்ந்து கிடந்தாலும் சர்வேயர் அதிலிருந்துதான் அளப்பார். டைப் மாதிரியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஓர் இனத்தின் எல்லையை நாளைக்கு ஒருவர் விரிக்கலாம், இன்னொருவர் இரண்டாகப் பிரிக்கலாம். அப்படிப் பிரிக்கும்போது டைப் மாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர் போகும், மறுபக்கத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். டைப் அந்த இனத்தின் மிகச் சிறந்த, மிகப் பொதுவான உருவமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று தாவரப் பெயரிடல் சட்டத்தொகுப்பே சொல்கிறது.

புளியாரைக் குடும்பத்தில் இதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. ஆக்ஸாலிஸ் பேரினத்தில் பல இனங்களுக்கு மூன்று விதப் பூக்கள் உண்டு: சூலகத் தண்டு நீண்டது, நடுத்தரமானது, குட்டையானது. ஒரு செடியில் ஒரு விதம்தான் பூக்கும். அப்படியானால் நீங்கள் எவ்வளவு அழகான செடியை எடுத்தாலும் அது இனத்தின் மூன்றில் ஒரு முகத்தைத்தான் காட்டும். ‘இனத்தையே பிரதிநிதித்துவம் செய்யும் ஒரு தாள்’ (உலர்த்திய செடியை ஒட்டி வைத்த தாள்) என்பதே நடவாத காரியம். பெயரைப் பிடித்து நிறுத்த ஒரு தாள் போதும். இனத்தைப் புரிந்துகொள்ள நூறு தாள் வேண்டும்.

சரி, பெயரை அப்படிப் பிடித்து நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு வேறெங்கும் போக வேண்டாம், மலையைத் தாண்டினால் போதும். கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஒன்பதாம் தொகுதியில் ‘தொட்டாவாடி’ என்ற பெயரில் ஒரு சின்னச் செடியின் படம் இருக்கிறது. இன்றைக்குக் கேரளத்தில் யாரிடமாவது தொட்டாவாடி எங்கே என்று கேளுங்கள், சாலையோரம் இளஞ்சிவப்புப் பூவோடு கிடக்கிற முள் செடியை, நம் தொட்டாற்சிணுங்கியை, காட்டுவார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வான் ரீட் படத்தில் இருப்பது அது இல்லை. தென்னங்கன்று மாதிரி உச்சியில் இலைகளை விரித்து, நடுவில் மஞ்சள் பூ வைக்கும் முக்குற்றி அது. கர்க்கடக மாதத்தில் மலையாளத்துப் பெண்கள் அரைத்துப் பொட்டு வைப்பார்களே, தசபுஷ்பத்தில் ஒன்று, அதே முக்குற்றி. ஊர்ப் பெயர் முந்நூறு வருஷத்தில் ஒரு செடியை விட்டு இன்னொன்றுக்குக் குடிபோய்விட்டது. யார் மேலும் தப்பு இல்லை. வாய்மொழிப் பெயருக்கு எல்லைக்கல் கிடையாது, அவ்வளவுதான்.

முக்குற்றி நம் விஷயத்துக்குள் வரக் காரணம், லின்னேயஸ் 1753ல் அதையும் புளியாரைக் கூட்டத்தில் சேர்த்து ‘ஆக்ஸாலிஸ் சென்சிட்டிவா’ என்று பெயர் வைத்தார், வான் ரீட்டின் படத்தையும் மேற்கோள் காட்டினார். பிறகு 1824ல் டி கண்டோல் அதைப் ‘பயோஃபைட்டம்’ என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். பேரினம் மாறியபோதும் டைப் மாறவில்லை. பெயரின் கடைசிப் பாதி கூடவே போயிற்று. குடும்பம் வீடு மாறினாலும் பத்திரம் பெட்டியோடு வருகிற மாதிரி.

இந்த நூலுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. வான் ரீட் ஆட்கள் சேகரித்த உலர் செடிகள் எதுவும் இன்று இல்லை. எனவே லின்னேயஸ் அந்தப் படத்தை மட்டும் நம்பி வைத்த பெயர்களுக்கு அச்சுப் படமே டைப் ஆகிவிடுகிறது. உலர்ந்த செடிதான் டைப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களானால், பழைய பெயர்களுக்கு அப்படி இல்லை. படமும் ஆகலாம். உயிரோடு தொட்டியில் வளர்கிற செடி மட்டும் ஆகாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, ‘யார் முடிவு செய்வது’. லின்னேயஸ் காலத்தில் டைப் என்ற யோசனையே கிடையாது. தாவரப் பெயர்களின் கணக்கு 1753 மே 1ல் தொடங்குகிறது. டைப் முறை உலகம் முழுவதற்கும் விதியானது 1930ல் கேம்பிரிட்ஜ் மாநாட்டுக்குப் பிறகு. புது இனத்தை வெளியிடுபவர் டைப்பைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1958 ஜனவரி 1 முதல்தான். ஆக இடைப்பட்ட இருநூறு வருஷத்துப் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியரே கை காட்டிய ‘ஹோலோடைப்’ இல்லை. பின்னால் வருகிற ஒருவர், ஆசிரியர் பார்த்த பொருள்களுக்குள்ளிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்ததற்கு லெக்டோடைப் என்று பெயர். எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. யார் முதலில் விதிப்படி அச்சில் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் சொன்னதுதான் நிற்கும். நீங்களும் செய்யலாம், நானும் செய்யலாம். அதனால்தான் ஜாக்கிரதை அதிகம் தேவை.

ஜாக்கிரதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புளியாரையே சாட்சி. லின்னேயஸ் 1753ல் மஞ்சள் பூப் புளியாரைகளில் இரண்டுக்குப் பெயர் வைத்தார்: ஒன்று ‘ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா’, நம் வாசலில் இருப்பது. காய் சின்னக் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். இன்னொன்று ‘ஆக்ஸாலிஸ் ஸ்ட்ரிக்டா’, நிமிர்ந்தது என்று பொருள். வட அமெரிக்காவில் நிமிர்ந்து வளரும் மஞ்சள் புளியாரை ஒன்று மட்டும் இருந்திருந்தால் வம்பு இல்லை. இரண்டு இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தாவர நூல்கள் பல, அவற்றில் ஒன்றை ஸ்ட்ரிக்டா என்றும் மற்றதை ‘யூரோப்பியா’ என்றும் எழுதிவந்தன. மாணவர்கள் படித்தார்கள், ஹெர்பேரியத் (உலர் செடித் தாள்களைச் சேமிக்கும் இடம்) தாள்களில் பெயர் எழுதினார்கள், எல்லாம் சுமுகம்.

1955ல் ஜார்ஜ் ஐட்டன் என்பவர் லின்னேயஸின் அந்த இரண்டு பெயர்களுக்கும் டைப் எது என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். லின்னேயஸ் எழுதியதையும் அவர் கையில் இருந்த பொருளையும் ஒப்பிட்டதில், ஸ்ட்ரிக்டா என்ற பெயர் உண்மையில் சேர வேண்டியது அதுவரை யூரோப்பியா என்று அழைக்கப்பட்ட செடிக்கு என்று தெரிந்தது. அப்படியானால் இதுவரை ஸ்ட்ரிக்டாவாக இருந்தது? அதற்கு வியன்னாத் தாவரவியலாளர் ஜாக்குவின் 1794ல் வைத்த ‘ஆக்ஸாலிஸ் டில்லேனி’ என்ற பெயர் வந்து சேர்ந்தது. விளைவு, ஸ்ட்ரிக்டா என்ற அதே சொல் 1940ல் எழுதப்பட்ட நூலில் ஒரு செடி, 1970ல் எழுதப்பட்ட நூலில் வேறு செடி. பழைய தாளில் ‘ஸ்ட்ரிக்டா’ என்று இருந்தால் எந்த நூலை வைத்துப் பெயரிட்டார் என்று கேட்காமல் நம்ப முடியாது.

ஐட்டன் செய்தது சரியா தப்பா என்று சிலர் இன்றும் முணுமுணுப்பார்கள். என் கருத்து, சரிதான். கல் எங்கே இருக்கிறது என்று தேடாமல் ஊரே வேலி போட்டுக்கொண்டது. ஒருவர் புதரை விலக்கிக் கல்லைக் காட்டினார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன். ஆனால் இப்படி ஊர் வழக்கம் தலைகீழாகும் நிலை வந்தால் இன்றைய விதிகளில் ஒரு வழி இருக்கிறது: பெயர் எந்தப் பொருளில் நெடுங்காலம் புழங்கிவந்ததோ அந்தப் பொருளிலேயே காப்பாற்றச் சொல்லி, வேறு டைப்பை முன்வைத்து மனுப் போடலாம். அதைத்தான் நிபுணர் குழு பார்க்கும். மனு நிலுவையில் இருக்கும்வரை பழைய வழக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பதும் விதி.

லெக்டோடைப் தேர்வு நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் வேலை, பெயர் முதன்முதல் வெளியான பக்கத்தை எழுத்தெண்ணிப் படிப்பது. இதை ‘புரோட்டோலாக்’ என்பார்கள். லின்னேயஸ் பக்கம் என்றால் நாலைந்து வரிதான் இருக்கும்: ஒரு லத்தீன் வர்ணனை, முன்னோர்கள் எழுதிய பெயர்கள், படங்களுக்கான குறிப்பு, எங்கே வளர்கிறது என்ற ஒரு சொல். அந்த முன்னோர்களின் பெயர்கள்தான் உண்மையான புதையல், ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் ஒரு படத்துக்கோ ஓர் உலர் தாளுக்கோ கொண்டு போகும்.

அப்புறம் அந்தப் பொருள்களைத் தேட வேண்டும். லின்னேயஸின் சொந்தத் தாள்களை அவர் இறந்த பிறகு, 1784ல், ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் விலைக்கு வாங்கினார். அவை இன்று லண்டன் லின்னேயன் சொசைட்டியில் இருக்கின்றன, படங்கள் இணையத்தில் இலவசம். அவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. 1753 நூலில் அந்த இனத்துக்கு என்ன வரிசை எண்ணோ அதை லின்னேயஸ் தாளின் அடியில் எழுதி வைத்திருந்தால், நூல் எழுதும்போது அந்தத் தாள் அவரிடம் இருந்தது என்று நம்பலாம். எண் இல்லாத தாள் பிறகு வந்து சேர்ந்ததாக இருக்கலாம். பின்னால் வந்த தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் லெக்டோடைப் ஆகாது.

இந்த இடத்தில் நான் குப்புற விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதில், பயோஃபைட்டத்தில் ஒரு பெயருக்கு லெக்டோடைப் நியமித்து ஒரு குறிப்பு எழுதினேன். அருமையான தாள்: பூ, காய், வேர் எல்லாம் முழுசாக, பழுப்பேறாமல் இருந்தது. தட்டச்சு செய்து, உறைக்குள் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. கடைசி நேரத்தில் என் ஆசிரியர் ஒருவர் தாளின் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, லேபிளில் தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார். பெயர் வெளியாகி ஆறு வருஷம் கழித்துச் சேகரித்த செடி! பெயர் வைத்தவர் பார்க்கவே முடியாத செடியை அவர் வைத்த பெயருக்கு டைப் ஆக்கியிருப்பேன். அன்று முதல் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதி, அப்புறம்தான் செடி.

அசல் பொருள்கள் பல இருந்தால் எதை எடுப்பது? வர்ணனையோடு முரண்படாதது முதல் தகுதி. இன்று அந்தப் பெயர் புழங்கும் செடியோடு ஒத்துப்போவது இரண்டாவது. இரண்டும் சமமாக இருந்தால் அடையாளம் காண உதவும் உறுப்புகள் அதிகம் உள்ளது. புளியாரைக்கு என்றால் ரோமம், இலைக்காம்பின் அடிச் செதில், முதிர்ந்த காய், விதை. அதே சேகரிப்பின் நகல்கள் வேறு ஹெர்பேரியங்களிலும் இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று எரிந்தால் ஒன்று மிஞ்சும். எரிவது வெறும் பேச்சு இல்லை. 1930ல் ஆக்ஸாலிஸ் குடும்பம் முழுவதற்கும் பெரிய நூல் எழுதிய கூனுத் வேலை செய்தது பெர்லினில். 1943 மார்ச் தொடக்கத்தில் விழுந்த குண்டில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பலானது. அங்கே மட்டும் இருந்த டைப்புகள் போனது போனதுதான். நகல் எங்காவது இருந்தால் அதை லெக்டோடைப் ஆக்கலாம். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் வேறொரு தாளைப் புதிதாக நியமிக்கலாம், அது நியோடைப். டைப் இருக்கிறது ஆனால் ரோமம் கூடத் தெரியாத அளவுக்கு மங்கிய படம் என்றால், அதை விளக்க ஒரு துணைத் தாளை நியமிப்பார்கள், அது எபிடைப்.

ஜாக்குவினின் 1794 நூல் இதற்கெல்லாம் நல்ல பாடம். தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியிலிருந்து கிழங்குகளை வியன்னாவுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி வீட்டில் வளர்த்து, வண்ணப் படம் போட்டு வைத்த நூல். ஆக்ஸாலிஸில் உலகத்தில் சுமார் 500 இனம் என்றால் 200க்கு மேல் அந்தப் பகுதியில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஜாக்குவின் படங்கள் இல்லாமல் ஓர் அடி நகராது.

தேர்ந்தெடுத்ததை அச்சில் சொல்வதற்கும் விதி இருக்கிறது. 1990 முதல் தாள் இருக்கும் ஹெர்பேரியத்தின் பெயரை எழுத வேண்டும். 2001 முதல் லெக்டோடைப் என்ற சொல்லும், ‘இங்கே நியமிக்கப்படுகிறது’ என்ற பொருள் தரும் சொற்றொடரும் வேண்டும். இது இல்லாமல் எவ்வளவு ஆராய்ச்சி செய்திருந்தாலும் நியமனம் செல்லாது. தலைகீழாகவும் ஓர் ஆபத்து உண்டு: 2001க்கு முன்னால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தாவர நூலில் போகிறபோக்கில் ‘டைப்: இன்ன தாள்’ என்று எழுதியிருந்தாலே அது லெக்டோடைப் நியமனமாகக் கணக்காகிவிடக்கூடும். எனவே நீங்கள் நியமிப்பதற்கு முன் பழைய நூல்களை அலசியாக வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் பாதி நேரம் இதற்குத்தான் போகும்.

நம் பகுதிப் பெயர்களில் கைவைக்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கை. 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் குற்றாலத்தில் நிறையச் சேகரித்தார். அவர் தாள்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் ‘கியூவிலிருந்து (லண்டன் தாவரத் தோட்டம்) 1866-7ல் விநியோகிக்கப்பட்டது’ என்று அச்சிட்ட லேபிளும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சேகரிப்பு எண் என்று நினைத்து, ஒரே எண் உள்ள தாளெல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் பறித்தவை என்று எழுதுகிறார்கள். கியூவில் இருந்தவர்கள் இனவாரியாகப் போட்ட எண் அது. ஒரே எண்ணுக்குள் குற்றாலமும் இருக்கலாம், நீலகிரியும் இருக்கலாம்.

இரண்டாவது, ‘திருவிதாங்கூர்’ என்ற சொல். 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. பழைய லேபிளில் திருவிதாங்கூர் என்று மட்டும் இருந்தால் அதைக் கேரளம் என்று மாற்றி எழுதாதீர்கள். அந்தச் செடி பறித்த இடம் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கக்கூடும். லேபிளில் உள்ளதை உள்ளபடி எழுதி, உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதுங்கள். லேபிளின் அருமை தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியில் பழைய தாள்களைப் புது அட்டையில் ஒட்டுகிறோம் என்று சொல்லி, பழைய கையெழுத்து லேபிள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வரிசையாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

இனி உங்கள் செடி. அவசரப்பட்டுப் புது இனம் என்று சொல்லிவிடாதீர்கள். வாசல் புளியாரையே நிழலில் தண்டை நிமிர்த்தும். ரப்பர் தோட்டத்து நிழல் கேட்கவே வேண்டாம். ஒரு கொடியைக் கொண்டுவந்து வெயிலில் தொட்டியில் ஒரு மாதம் வையுங்கள். படுத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

படுக்காவிட்டால் பத்து மடங்கு லென்ஸை எடுங்கள். கணுவில் வேர் விட்டிருக்கிறதா, மண்ணுக்குள் கிடைத்தண்டு ஓடுகிறதா பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் செதில் ஒட்டியிருக்கிறதா? கார்னிகுலேட்டாவில் இருக்கும், ஸ்ட்ரிக்டாவில் அநேகமாகத் தெரியாது. பிறகு தண்டின் ரோமம். ஸ்ட்ரிக்டாவின் ரோமங்களில் கொஞ்சம் குறுக்குச் சுவர் வைத்தவை, லென்ஸில் மூங்கில் கணு மாதிரித் தெரியும். டில்லேனியின் ரோமம் தண்டோடு படிந்து ஒரே பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி இருக்கும். காய் முற்றும்போது காம்பு கீழ்நோக்கி மடங்கி, காய் மட்டும் மேல்நோக்கி நிற்கிறதா? கார்னிகுலேட்டாவும் டில்லேனியும் அப்படிச் செய்யும், ஸ்ட்ரிக்டா செய்யாது. டில்லேனி விதையின் குறுக்கு வரம்புகளில் வெள்ளைக் கோடு ஓடும். கார்னிகுலேட்டாவில் விதை முழுக்கப் பழுப்பு. இதற்கெல்லாம் பிறகு கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போய், அங்குள்ள புளியாரைத் தாள்களோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

அதன் பிறகும் எதோடும் பொருந்தவில்லை என்றால் மட்டும் ஹோலோடைப் பேச்சு. ஹோலோடைப் என்பது ஒரே சேகரிப்பு: ஒரே ஆட்கள், ஒரே நேரம், ஒரே இடம். பகவதிபுரம் ஸ்டேஷன் ஓரத்தில் ஒரு செடி, குகை தாண்டி ஆரியங்காவில் ஒரு செடி என்று எடுத்து, ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று ஒரே தாளில் ஒட்டினால் அது ஹோலோடைப் ஆகாது. ஒரு தாளில் அடங்காத செடியை இரண்டு தாளில் ஒட்டலாம், இரண்டும் ஒரே மாதிரியின் பகுதி என்று இரண்டிலும் எழுதியிருக்க வேண்டும். அதே சேகரிப்பின் மிச்சச் செடிகள் ஐசோடைப். அவற்றை வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புங்கள். மெட்ராஸ் ஹெர்பேரியம், கொல்கத்தா பக்கம் ஹவுராவில் உள்ள மத்திய தேசிய ஹெர்பேரியம், கேரளத்தில் பாலோடு, கோழிக்கோடு என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. வீட்டு அலமாரியில் டைப்பை வைக்காதீர்கள். புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டமும் சொல்கிறது. இடம் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். ரிசர்வ் காட்டுக்குள் காலெடுத்து வைத்தால் கேரள வனத்துறை அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது.

புளியாரையை அழுத்துவதில் ஒரு தொந்தரவு இருக்கிறது. பறித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் மூன்று இலைகளும் குடை மாதிரி மடங்கிவிடும், பூ சுருண்டுவிடும். பறித்த இடத்திலேயே, காலை வெயில் ஏறிப் பூ நன்றாக விரிந்திருக்கும்போது, செய்தித்தாளுக்குள் வைத்து விடுங்கள். இரண்டு மூன்று இலைகளின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். முற்றிய காயைத் தாளில் அப்படியே விடாதீர்கள். தொட்டால் விதை தெறித்து அறை முழுக்கப் பறக்கும். ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் தனியாகப் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டுங்கள். மூணாறு, கொடைக்கானல் பக்கம் கிடக்கிற கிழங்கு வைக்கும் ஊதாப்பூ வகையை எடுப்பதாக இருந்தால் கிழங்கைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அழுத்துங்கள். இல்லையென்றால் பிரஸ்ஸுக்குள்ளேயே துளிர் விட்டு, வாரக் கடைசியில் திறக்கும்போது வெளிறிய இலையோடு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

லேபிளில் பூவின் நிறத்தையும் செடி நின்ற விதத்தையும் அன்றைக்கே எழுதுங்கள், காய்ந்த பிறகு இரண்டும் போய்விடும். தேதி, எண், எவ்வளவு உயரத்தில், நிழலா வெயிலா, எந்த மாநிலம், எந்த மாவட்டம். செடி புளியாரை, செக்போஸ்ட் ஊர் புளியரை. ஒரு மாணவர் செடியின் பெயருக்கு நேரே ஊரையும் ஊருக்கு நேரே செடியையும் எழுதிக் கொண்டுவந்தார், நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தொட்டிச் சோதனை முடிந்ததும் தண்டின் ரோமத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அளவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து.